கொம்பும் கறியும்
ஆனைமலை வேட்டை மரபில் இருவேறு விழைவுகள்

தோற்றுவாய்

கொங்கு நாட்டின் தென்மேற்கு எல்லையாக நிமிர்ந்து நிற்பது ஆனைமலை. பெயரிலேயே ஒரு விலங்கைச் சுமந்து நிற்கும் மலை அது. சங்க நூல்கள் சேரர்க்குரியதாகச் சுட்டும் உம்பற்காடு இப்பகுதியே எனக் கருதும் அறிஞரும் உளர். உம்பல் என்பதும் யானையே. எனவே இம்மலையின் வரலாற்றை மனிதரை மட்டும் வைத்து எழுதிவிட இயலாது. மனிதர் விலங்கிடம் எதனை வேண்டினர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியாகும்.

காட்டு விலங்கை வேட்டையாடுவோரின் விழைவு இருவகைப்படும். ஒருவர் கொம்பை விழைகிறார். மந்தையிலேயே மிகப் பெரிய விலங்கைத் தேடிச் சென்று வீழ்த்தி, அதன் தலையைப் பாடம் செய்து சுவரில் மாட்டுவது அவர் நோக்கம். மற்றவர் கறியை விழைகிறார். பெரிது, சிறிது, ஆண், பெண் என்ற வேறுபாடு அவர்க்குப் பெரிதன்று. அடுப்பேறுவது எதுவாயினும் அமையும். முன்னவர் அளவை நோக்குகிறார். பின்னவர் எண்ணிக்கையை நோக்குகிறார். எந்த விலங்கை, எப்பொழுது, யார் கொல்லலாம் என வகுக்கும் வேட்டை விதிகள் யாவும் இவ்விரு விழைவுகளுக்கும் இடையே எழுந்த வழக்கின் தீர்ப்புகளே எனலாம். அத்தீர்ப்பு ஆனைமலையில் யாருக்குச் சார்பாக அமைந்தது, அதனால் வாழ்ந்தது எது, வாடியவர் யார் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு புலவர், இரு வேட்டுவர்

இவ்விரு விழைவும் தமிழுக்குப் புதியன அல்ல. புறநானூற்றில் வன்பரணர் பாடிய இரு பாடல்கள் அருகருகே வைத்து எண்ணத்தக்கன. 152ஆம் பாட்டின் தலைவன் வல்வில் ஓரி, கொல்லிமலைக்கு உரியவன். அவன் எய்த ஓர் அம்பு வேழத்தை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் உருவிச் சென்று புற்றில் கிடந்த உடும்பில் தைத்து நின்றது எனப் புலவர் வியக்கிறார். அங்கே விலங்குகள் வில்லாண்மையின் சான்றுகளாக வரிசையில் நிற்கின்றன.

150ஆம் பாட்டின் தலைவன் கண்டீரக்கோப்பெருநள்ளி. பசியும் வறுமையும் வாட்டப் பலாமரத்தடியில் ஓய்ந்திருந்த புலவரை மான் வேட்டையாடி வந்த ஒருவன் காண்கிறான். தன் துணைவர் வந்து சேருமுன்னரே தீக்கடைந்து ஊனைச் சுட்டு அவர்க்கு உண்ணத் தருகிறான். அணிந்திருந்த அணியையும் கழற்றித் தருகிறான். நாடும் பெயரும் வினவியபோது அவன் கூறவில்லை. நள்ளி என்பதை வழியில் பிறர் சொல்லக் கேட்டே புலவர் அறிகிறார்.

ஓரியும் பரிசிலர்க்கு ஊன் வழங்கியவனே. ஆயினும் பாட்டின் அழுத்தம் ஒன்றில் அம்பின்மீதும் மற்றொன்றில் பசியின்மீதும் விழுகிறது. பிற்கால வேட்டை மாளிகைகளில் தொங்கிய கொம்புகளின் கீழே சுட்டவர் பெயரும் நாளும் அங்குலக் கணக்கும் பொறிக்கப்பட்டன. கறியைப் பகிர்ந்த நள்ளியோ பெயரையே மறைத்தான். இவ்வேறுபாடு நெஞ்சிற் கொள்ளத்தக்கது.

நன்னனின் மா

ஆனைமலை ஊரிலேயே இவ்வழக்கின் மிகப் பழைய வடிவம் ஒன்று வழிபாடாக நிலைபெற்றுள்ளது. நீராடச் சென்ற இளம்பெண் ஒருத்தி, ஆற்றுநீர் கொணர்ந்த மாங்காயை எடுத்துத் தின்றாள். அது நன்னனின் காவல் மரத்துக் காய். அதற்காக அவன் அவளுக்குக் கொலைத் தண்டனை விதித்தான். அவள் எடைக்கு ஈடான பொற்பாவையும் எண்பத்தொரு களிறும் தருவதாக உறவினர் கூறியும் அவன் இசையவில்லை. பரணர் குறுந்தொகை 292ஆம் பாட்டில் இப்பழியைப் பதிவு செய்கிறார். நன்னர் பலர் இருந்தனர் என்பர் ஆய்வாளர். எனினும் அப்பெண்ணே மாசாணியம்மனாக ஆனைமலையில் கிடந்த கோலத்தில் உறைகிறாள் என்பது இவ்வூர் மரபு.

காவல் மரம் அரசனின் பெருமைக்குரிய சின்னம். ஆற்றில் வந்த காய் அப்பெண்ணுக்கு உணவு. ஒருவரின் சின்னமும் மற்றொருவரின் உணவும் ஒரே பொருளாகும்போது அதிகாரம் எப்பக்கம் நிற்கும் என்பதை இக்கதை ஈராயிரம் ஆண்டுகளாகக் கூறி வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடத்திற்கு ஒரு விலங்கு வந்து சேர்ந்தது. அது வரையாடு.

வரையாடும் வெண்முதுகும்

இலக்கியம் வருடை என வழங்கும் விலங்கு இன்று வரையாடு எனப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் அதுவே. செங்குட்டுவனுக்குக் குன்றக்குறவர் கொணர்ந்த மலைப்பொருள்களின் நீண்ட பட்டியலில் வருடைக்கும் இளங்கோவடிகள் இடம் தருகிறார். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பாறைச் சரிவும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்த உயரங்களே இதன் உறைவிடம். இவ்வுலகில் வேறெங்கும் இது இயல்பாக வாழ்வதில்லை.

ஆங்கிலேய வேட்டையாளர் இதனை ‘நீலகிரி ஐபெக்ஸ்’ என்றழைத்தனர். ஐபெக்ஸ் என்பது வேறொரு மலையாட்டினம். இப்பெயர் பொருந்தாப் பெயரே. ஆணின் கொம்பு ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் வரையும், பெண்ணின் கொம்பு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் வரையும் வளரும். ஆண் முதிரும்போது உடல் கருமை கொள்ள, முதுகில் மட்டும் சேணம் இட்டாற்போல வெண்மை படர்கிறது. இவ்வெண்முதுகுக் கிடாய்களைச் ‘சேடில்பேக்’ எனப் பெயரிட்டு அவற்றையே அவர்கள் தேடி அலைந்தனர். 1850களில் ஆனைமலைக் காடுகளின் பொறுப்பிலிருந்த படை அதிகாரி டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் 1892இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. ஆனைமலை, நீலகிரி, பழனி ஆகிய மூன்று மலைகளையும் நூலின் பெயரே குறிக்கிறது. ஆனைமலையின் புல்மலைகள் அக்காலத்தே வேட்டையாளர்க்கு நன்கு அறிமுகமாகிவிட்டன என்பதற்கு அது சான்று.

கொம்புக்காக வகுத்த விதி

காப்பித் தோட்டங்களும் துப்பாக்கிகளும் பெருகப் பெருக, விலங்குகள் அருகின. தம் விளையாட்டு விரைவில் முடிந்துவிடும் என்னும் அச்சம் வேட்டையாளர்க்கே முதலில் எழுந்தது. 1877இல் உதகையில் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தைச் சென்னை அரசு இயற்றியது. வேட்டை கூடாத பருவம், உரிமச்சீட்டு, கட்டணம் என்னும் முறைகள் நடைமுறைக்கு வந்தன. பெண் விலங்கையும் குட்டியையும் விடுத்து முதிர்ந்த ஆணை மட்டுமே சுடுதல் வேண்டும் என்பது நெறியாயிற்று.

இந்நெறி கருணையால் மட்டும் பிறந்ததன்று, கணக்காலும் பிறந்தது. வரையாட்டில் ஒரு கிடாய் பல பெண்களோடு இணையும். எனவே சில கிடாய்கள் குறைவதால் அடுத்த ஆண்டின் குட்டிகள் குறைவதில்லை. பெண் ஒன்று வீழ்ந்தால் அதனொடு வரவிருந்த குட்டிகளும் வீழ்கின்றன. பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும் விலங்குக்கு இவ்விழப்பு எளிதில் ஈடாவதில்லை. கறி வேண்டுவோர்க்கு எளிதில் அகப்படுவது பெண்களும் குட்டிகளும் கூடிய மந்தை. கொம்பு வேண்டுவோர் தேடுவது தனித்துத் திரியும் முதிய கிடாய். ஆகவே கொம்பு வேட்கை மந்தையின் முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்தது எனலாம்.

நீலகிரிச் சட்டம் நீலகிரிக்கு மட்டுமே உரியது. ஆனைமலையின் கோவைப் பக்கத்துக் காடுகளை 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டம் ஒதுக்குக் காடுகள் என வரையறுத்தது. அங்கே அரசின் விதியை மீறி வேட்டையாடுதலும், மீன் பிடித்தலும், நீரில் நஞ்சு கலத்தலும், பொறி வைத்தலும் குற்றங்களாயின. மலையின் திருவிதாங்கூர்ப் பக்கத்தில் இரவிகுளம் புல்வெளியைக் கண்ணன் தேவன் தேயிலை நிறுவனம் தன் வேட்டைக் காப்பிடமாக வைத்திருந்தது. 1928இல் தோன்றிய உயர்மலை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் அதனைக் கண்காணித்தது. இரவிகுளமும் ஆனைமலையின் புல்மலைகளும் தொடர்ந்து கிடக்கும் ஒரே நிலப்பரப்பு. ஆட்சி எல்லை மனிதர்க்கன்றி வரையாட்டுக்கு இல்லை.

இதன் பயன் கண்கூடு. 1971இல் கேரள அரசு நிறுவனத்தின் நிலங்களைச் சட்டத்தின் வழி மீட்டது. இரவிகுளம் 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அப்பொழுது அங்கே காப்பதற்கு வரையாடுகள் எஞ்சியிருந்தன. பிற பல குன்றுகளில் அவை முன்னரே மறைந்துவிட்டன. தமிழகத்தில் இவ்விலங்கை முறையாகக் கணக்கிடத் தொடங்கிய இ.ஆர்.சி. தாவீதார் 1970களில் கண்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 2,200 மட்டுமே. 2025இல் தமிழ்நாடும் கேரளமும் இணைந்து நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365 என மொத்தம் 2,668 வரையாடுகள் காணப்பட்டன. இவற்றுள் 800க்கு மேற்பட்டவை இரவிகுளத்தில் மட்டும் வாழ்வன. கொம்புக்காகக் காத்த இடமே இன்று அவ்வினத்தின் பெருங்கோட்டை. வேட்டையாளரை விரும்பாதவரும் இவ்வுண்மையை மறுத்தற்கில்லை.

விதியின் மறுபக்கம்

ஆயினும் வரலாறு இத்துடன் முடிவதில்லை. ஆனைமலையில் காடர், முதுவர், மலசர், மலைமலசர், இரவாளர், புலையர் எனப் பழங்குடியினர் பலர் வாழ்கின்றனர். காடர் கிழங்கும் தேனும் காட்டுயிர் ஊனும் கொண்டு வாழ்ந்த மக்கள். அவர்தம் வேட்டை, அன்றைய உணவுக்கான வேட்டை. உரிமச்சீட்டு பெறப் பணமும், கிடாயை மட்டும் தொலைவிலிருந்து தேர்ந்து சுடத்தக்க துப்பாக்கியும், வேட்டைக்கு ஒழிந்த நாள்களும் உடையவர்க்கே அவ்விதி வழிவிட்டது. கண்ணி வைப்பவனுக்கு வெண்முதுகு எது, பெண் எது எனத் தேர வழியில்லை. எனவே ஒரே மலையில் ஒருவர் செய்தது விளையாட்டு என்றும் மற்றவர் செய்தது திருட்டு என்றும் பெயர் பெற்றன.

இதில் ஒரு முரண் உண்டு. காட்டின் ஒவ்வொரு சரிவையும் அறிந்தவர் இம்மலைவாழ் மக்களே. வந்த வேட்டையாளர்க்கு வழிகாட்டியவரும், தடம் பார்த்துச் சொன்னவரும் அவர்களே. இரவிகுளத்தில் வேட்டை விலங்குகளுக்குக் காவலராக முதுவர்களே அமர்த்தப்பட்டனர். தம் முன்னோர் உணவு தேடிய புல்வெளியில் பிறருடைய கொம்புகளுக்குக் காவல் நிற்கும் நிலை அவர்க்கு வாய்த்தது. வரையாடு பிழைத்ததில் முதுவரின் பங்கு, துப்பாக்கி ஏந்தியவரின் பங்கினும் குறைந்ததன்று. ஆயினும் வேட்டை நூல்கள் பொறித்து வைத்த பெயர்கள் முதுவருடையன அல்ல.

யானை உணர்த்தும் பாடம்

முதிர்ந்த ஆணை மட்டும் எடுத்தல் எஞ்ஞான்றும் தீங்கற்றது எனக் கருதிவிடல் ஆகாது. மலைக்குப் பெயர் தந்த யானையே அதற்குச் சான்று. தொடக்கத்தில் பயிரழிக்கும் பகையாக எண்ணி, காட்டுயானையைக் கொன்றோர்க்குச் சென்னை அரசு பரிசுத்தொகை அளித்தது. பின்னர், உயிருள்ள யானையின் மதிப்பு உணரப்பட்டது. ஆனைமலைத் தேக்கினை இழுக்க யானை இன்றியமையாததாயிற்று. 1873இல் சென்னை அரசும், 1879இல் இந்திய அரசும் யானைப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றின. சுடுவது அருகி, பிடிப்பது முறையாயிற்று. சங்கப் பாடல்கள் பயம்பு எனச் சுட்டும் படுகுழியே இங்குக் கையாளப்பட்ட முறை. குழியில் வீழ்ந்த யானையைக் கரோல் என்னும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்கியவருள் மலசர் முதன்மையானவர். இது விலங்கை உயிரோடு அறுவடை செய்தல் எனத் தகும். குழியில் கால் முறிந்து மடிந்தனவும் பல; அக்கொடுமையை யானை பிடிப்பதில் வல்லவரான சாண்டர்சன் 1878இல் வெளியிட்ட நூலிலேயே கண்டித்தார்.

1977இல் யானை, வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு உயர்த்தப்பட்டது. ஆனால் தந்தத்தின்மீது கொண்ட வேட்கை சட்டத்தால் அடங்கவில்லை. ஆசிய யானையில் ஆணுக்கே நெடுந்தந்தம் உண்டு. களவு வேட்டையாளர் ஆணை மட்டுமே குறிவைத்தனர். தெற்கே பெரியாற்றுக் காடுகளில் 1990களில் ஆய்வாளர் கணக்கிட்டபோது, ஏறத்தாழ நூறு வளர்ந்த பெண் யானைகளுக்கு ஒரே ஓர் ஆண் யானை என்னும் நிலை இருந்தது. பெண்கள் வாழ்ந்தும் கன்றுகள் குறைந்தன. கொம்பை நாடுவோர் எத்தனை எடுக்கிறார் என்னும் வரம்பு உள்ளவரையே அவ்விதி விதியாகும். வரம்பு உடைந்தபின் அது சூறையாடலே. உரிமச்சீட்டின் வரம்பு வரையாட்டைக் காத்தது. வரம்பிலாச் சந்தை யானையைச் சிதைத்தது.

வரம்புக்குட்பட்ட வேட்டையிலும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. கனடாவின் அல்பெர்ட்டா மாநிலத்து மலையொன்றில் பெருங்கொம்பு ஆடுகளை முப்பதாண்டுக் காலம் தொடர்ந்து ஆய்ந்தவர்கள் தம் முடிவை 2003இல் வெளியிட்டனர். பெருங்கொம்புக் கிடாய்களையே தேர்ந்து சுட்டு வந்தமையால், பின்வந்த தலைமுறைகளில் கொம்பே சிறுத்தது என்றனர். சூழல் மாற்றமும் காரணமாகலாம் எனப் பிறர் வாதிட்டனர். எனினும் எதனை விரும்பிக் கொல்கிறோமோ அதுவே அருகும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க கருத்தாகும்.

ஆற்றிலும் அதே வழக்கு

நிலத்தில் நிகழ்ந்தது நீரிலும் நிகழ்ந்தது. தென்கன்னடத்தில் ஆட்சியராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் தூண்டில் வேட்டை குறித்துப் புகழ்பெற்ற நூலொன்றை எழுதினார். அவர் கொண்டாடிய மீன் மகசீர் என்னும் பெருங்கெண்டை. தூண்டிலாளர் விரும்பியது போராடி இழுக்கும் ஒற்றைப் பெருமீனை. ஊரார்க்கோ வேண்டியது குழம்புக்கு மீன். நுண்கண் வலையும் நஞ்சும் குஞ்சுகளை அழிக்கின்றன என்று தாமஸ் முறையிட்டார். 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டம், வெடிவைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதைக் குற்றமாக்கியது. காய்களையும் பட்டைகளையும் இடித்துக் கலந்து ஓடை மீனை மயக்கிப் பிடிக்கும் பழவழக்கமும் அதனுள் அடங்கிவிட்டது.

1946இல் கபினி ஆற்றில் தூண்டிலில் அகப்பட்ட மகசீர் ஒன்று 120 பவுண்டு எடை கொண்டது. அதைப் பிடித்தவர், வேட்டைத் தலைகளைப் பாடம் செய்வதில் உலகப்புகழ் பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர். பிற்காலத்துத் தூண்டிலாளர் பிடித்த மீனை எடைபார்த்து ஆற்றிலேயே விட்டனர். கொம்பும் வேண்டும், உயிரும் பிழைக்க வேண்டும் என்னும் சமரசம் அது. மீன் பெருகட்டும் என்று வளர்ப்பகத்தில் பொரித்த வேற்றின மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. தொகை பெருகியது, ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகியது. அம்மீனின் அறிவியற் பெயரும் 2018 வரை உறுதிப்படவில்லை. ஆனைமலையின் கிழக்குச் சரிவில் ஓடி அமராவதியிற் கலக்கும் பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்டிருந்த ‘டோர் ரெமாதேவியே’ என்னும் இனமே அது என அவ்வாண்டில் நிறுவப்பட்டது. அவ்வாண்டே அது மிகு அழிவாபத்துடைய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. பெருமீனை விரும்பியவரும் எண்ணிக்கையைப் பெருக்கியவரும் அம்மீன் யாது என்று அறியாமலே அதனை இழக்கும் எல்லைக்கு வந்துவிட்டனர்.

இன்றைய நிலை

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், கொம்பு, கறி என்னும் இரு விழைவுகளுக்கும் கதவடைத்தது. வரையாடு முதல் அட்டவணையில் இடம்பெற்றது. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கும் அதன் கொம்பும் அரசின் உடைமையாயின. 1976இல் ஆனைமலை சரணாலயமாயிற்று. 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2006இல் வந்த வனவுரிமைச் சட்டம், பழங்குடியினரின் நிலவுரிமையையும், தேனும் கிழங்கும் போன்ற சிறுவன விளைபொருள்களின் மீதான உரிமையையும் மீட்டுத் தந்தது. ஆனால் மரபுவழி வேட்டையுரிமையை அது வெளிப்படையாகவே விலக்கியது. விலங்கினம் அருகிவிட்ட காலத்தில் அவ்விலக்கிற்கு நியாயம் உண்டு. எனினும் அருகச் செய்தவர் யார் என்னும் கேள்வியை அந்நியாயம் அழித்துவிடாது.

இதற்கிடையே மூன்றாவது குரலொன்று கேட்கிறது. அது உழவரின் குரல். தினைப்புனம் காத்த குறமகள் முதல் இன்றைய கொங்கு உழவர் வரை, விலங்கு அவர்க்குக் கொம்புமன்று, கறியுமன்று, விளைச்சலின் பகை. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி குறித்து விதியொன்றை வகுத்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுதல் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். இவ்விதியில் கொம்புக்கும் இடமில்லை, கறிக்கும் இடமில்லை. காட்டிலிருந்து அளந்த தொலைவே இங்குத் தீர்ப்புரைக்கிறது.

முடிவுரை

கொம்பை விழைந்தவர் வகுத்த விதி வரையாட்டைக் காத்தது என்பது உண்மை. அவ்விதியின் விலையை வகுத்தவர் செலுத்தவில்லை. மலையிற் பிறந்தவர் செலுத்தினர் என்பதும் அதேயளவு உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது. இனி வகுக்கப்படும் விதி எதுவாயினும், எந்த உயிர் எஞ்சும் என்பதோடு, எவர் உணவு குறையும் என்பதையும் முன்கூட்டியே வினவுதல் வேண்டும். காடறிந்தோரைக் காவலராக மட்டும் நிறுத்தாது, விதியை வகுக்கும் அவையிலும் அமர்த்துதல் வேண்டும். நன்னனின் அவையில் பொற்பாவைக்கும் எண்பத்தொரு களிற்றுக்கும் கணக்கு இருந்தது. அப்பெண்ணின் பசிக்குக் கணக்கு இல்லை. ஆனைமலை அவளைத் தெய்வமாக்கி வணங்கி வருகிறது. மலையின் விதிகளைத் திருத்துவோர் அக்கணக்கையும் ஏட்டில் ஏற்றுவாராக.